சம்பந்தி வாசல்ல நிக்கிற எங்க வீடு

1

வீட்டுச் சாவியைக் கை மாத்திக் குடுத்து இன்னியோட ஒரு வருஷம் ஆகுது. அடிலெய்டுல இருபத்தாறு வருஷம் நாங்க குடியிருந்த வீடு. வாங்கினவங்க சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி. வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும்னு ஆசைப்பட்டு எங்கிட்டயே போனைக் குடுத்தாங்க. எடுத்தேன். ரெண்டு பேர் தலையும் பாதியில வெட்டுப்படற மாதிரி எடுத்தேன். தெரியாம இல்ல, வேணும்னுதான்.

இதைப் படிச்சதுமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், நான் பொறாமைக்காரி. அம்பத்தெட்டு வயசுல அதை மறைச்சு இன்னா ஆகப் போகுது? வெளிநாட்டுல இருந்து எழுதுறவங்க குளிரைப் பத்தி எழுதுவாங்க, இட்லி மாவு புளிக்காததைப் பத்தி எழுதுவாங்க. நான் என் வயித்தெரிச்சலைப் பத்தி எழுதறேன். அதுதான் எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்.

வீட்டை வித்துட்டு மோட்டர் ஹோம்ல குடியேறப் போறோம்னு சொன்னப்ப, செஞ்சியில இருக்கிற என் தங்கச்சி கலாவுக்கு ஒண்ணும் புரியல. பெரிய வேன், அதுக்குள்ளயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் இருக்கும், ஊர் ஊராப் போயி நிறுத்தி அதுலயே வாழ்ந்துக்க வேண்டியதுதான்னு போன்ல விளக்கினேன்.

"அமாவாசைக்கு வேன் கட்டிக்கிட்டு மேல்மலையனூர் வந்து, ரோட்டோரமாச் சோறாக்கித் தின்னுட்டுப் படுத்துக் கெடக்கிறாங்களே, அந்த மாதிரியாக்கா?"

"கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்."

"அவங்க மறுநாள் வீட்டுக்குப் போயிடுவாங்களேக்கா. நீங்க எங்க போவீங்க?"

அடுப்புல பால் பொங்குதுன்னு பொய் சொல்லிட்டு போனை வெச்சுட்டேன்.

2

யோசனை எங்க வீட்டுக்காரரோடது. அவரு செஞ்சிக்குப் பக்கத்துல அனந்தபுரத்துக்காரரு. இங்க ரயில் பெட்டி ரிப்பேர் பண்ற பட்டறையில பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. "நாடு பூரா ஓடற பெட்டிக்கு நான்தான் சக்கரம் மாட்டினேன், நான் மட்டும் எங்கியும் போனதில்ல"ன்னு புலம்பிக்கிட்டே இருப்பாரு. அதுக்காக நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க. கோயில்ல பழக்கமான ஒரு அம்மா புருஷனோட ஆறு மாசம் கேரவன்ல சுத்திட்டு வந்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போட்டோ காட்டியே என் உயிரை எடுத்துச்சு. அந்தம்மா ஆறு மாசம் போச்சுன்னா நான் ஆயுசு பூராப் போறேன்னு கெளம்பிட்டேன். புத்தி அவ்வளவுதான்.

ஆனா இந்த வண்டியில இஷ்டத்துக்குச் சாமான் ஏத்த முடியாது. இவ்வளவு எடைதான்னு சட்டம் இருக்குது. மீறினா எடைமேடையில நிறுத்தி எறக்கச் சொல்லிடுவாங்க. அதனால எங்க வீட்டுக்காரரு குளியலறைத் தராசை ஹாலுக்குக் கொண்டாந்து போட்டு, ஒவ்வொரு பொருளா நிறுத்து நோட்டுல எழுத ஆரம்பிச்சாரு. எனக்குத் தராசே வேணாம். எங்க நைனா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டைக்கு எடை போட்டவரு. மூட்டையை ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு எடையைச் சொல்லிடுவாரு. அந்தக் கை எனக்கும் வந்திருக்குது. கிரைண்டரைத் தூக்கினேன், பதினொண்ணுன்னேன். தராசும் பதினொண்ணுன்னுச்சு. "சரி, இது வேணாம்"னுட்டாரு. பதினொண்ணுன்னு நானே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

சோபா, பீரோ, தையல் மிஷின், இருபத்தாறு வருஷத்துப் புடவை, பித்தளைக் குத்துவிளக்கு, இட்லிப் பானை மூணு. எல்லாத்தையும் ஹால்ல பரப்பி வெச்சு, "உனக்கு வேணுங்கிறதை எடுத்துக்க, மீதியைத்தான் தர்மத்துக்குக் குடுப்பேன்"னு எங்க ஒரே பொண்ணு நித்யாவைக் கூப்பிட்டேன். நாலு வயசுல இங்க வந்தவ. புருஷன் மார்க்கோ இத்தாலிக்காரக் குடும்பம். ரெண்டு பேரும் நகரத்துக்குள்ள சின்ன பிளாட்ல இருக்காங்க.

வந்தா. சுத்திப் பாத்தா. "எடமே இல்லம்மா"ன்னா. கிரைண்டரைக் காட்டினேன், மாவு கடையில கெடைக்குதுன்னா. விளக்கைக் காட்டினேன், தொடைக்க நேரமில்லன்னா. கடைசியா ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டா. அலுமினிய ஏணி. பல்பு மாத்த வேணுமாம்.

போனாப் போவுதுன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் அவ பிளாட்டுக்குப் போனேன். கதவைத் தெறந்ததும் எதிர்ல ஆள் உயரத்துக்கு ஒரு அலமாரி நிக்குது. கண்ணாடிக் கதவு, வழவழன்னு வால்நட் மரம், உள்ள பூப்போட்ட காப்பிக் கோப்பை பன்னெண்டு. "இது ரோசாவோடதும்மா. அவங்க அம்மா கப்பல்ல கொண்டாந்ததாம். எனக்குக் குடுத்துட்டாங்க!" ரோசான்னா மார்க்கோவோட அம்மா, என் சம்பந்தி.

எடமில்லாத பிளாட்டு. அந்த அலமாரியை ஓரமாச் சாய்ச்சுப் பாத்தேன். எழுபது கிலோவுக்கு மேல இருக்கும். எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. இன்னும் எரியுது.

3

எங்க பக்கத்துல தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். ஏழாம் மாசமோ ஒம்பதாம் மாசமோ வளையல் போட்டு, பெத்தவங்க வந்து அழைச்சிட்டுப் போவாங்க. குழந்தை பொறந்து மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழிச்சுத்தான் மாமியார் வீடு. எவ்வளவு இல்லாதப்பட்ட குடும்பமா இருந்தாலும் இதுல கொறை வைக்க மாட்டாங்க. அழைச்சிட்டுப் போகலன்னா ஊரு கேக்கும், "அவளுக்குத் தாய் வீடு இல்லியா?"ன்னு. பொண்ணைப் பெத்தவளுக்கு அதை விட வேற வசவே வேணாம்.

நித்யா வயித்துல இருந்தப்ப எங்கம்மா அனந்தபுரத்துக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. செஞ்சியில எங்களுக்கு அப்ப கமிட்டிக்குப் பின்னாடி வாடகை வீடு. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, அவ்வளவுதான். ரூமுல நைனாவோட கட்டில், டிரங்குப் பெட்டி, விதைக்குன்னு கட்டி வெச்ச மல்லாட்டை மூட்டை. நான் போயி எறங்கினப்ப ரூமு காலியாக் கெடந்துச்சு. எல்லாத்தையும் அக்கம்பக்கத்து வீடுங்கள்ல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. கட்டில் கூட எதிர் வீட்டு மாட்டுக் கொட்டாய்ல. நைனா அஞ்சு மாசம் கமிட்டி வராண்டாவுலதான் படுத்தாரு.

எங்கம்மா என்னைப் படுக்க வைக்கறதுக்காகப் பொருளை வெளிய தள்ளினாங்க. நான் பொருளோட சேத்து வீட்டையே தள்ளிட்டேன். இதை அப்ப யோசிக்கல. நித்யாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. குழந்தை வேணாம்னு அவளே சொல்லியிருந்தா. நம்பிட்டேன். எந்த அம்மாவாவது அதை நம்புவாளா? நான் நம்பி, வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டேன்.

4

அஞ்சு மாசம் நல்லாத்தான் போச்சு. பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாவே இருந்தேன். சுத்தம் பண்ண ரெண்டு ரூமு இல்ல, பத்து நிமிஷத்துல கூட்டிப் பெருக்கிட்டுக் கடலைப் பாத்துக்கிட்டு உக்காரலாம். கோயில் அம்மாவுக்கு தினமும் ஒரு போட்டோ அனுப்பினேன். மேற்குக் கடற்கரையில ஒரு சின்ன ஊர்ல வண்டியை நிறுத்தி, துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தப்பதான் நித்யா போன் பண்ணா.

"அம்மா, எனக்கு மூணு மாசம்."

துணியை அப்படியே மணல்ல போட்டுட்டேன். அழுதேன், சிரிச்சேன், அவங்கப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். அப்புறம் விரல் விட்டு மாசம் எண்ண ஆரம்பிச்சேன். "ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன் கண்ணு, நீ ஒண்ணும் கவலைப்படாத."

"எங்க கூட்டிட்டுப் போவம்மா?"

நான் திரும்பி எங்க வண்டியைப் பாத்தேன்.

"ரோசா வீட்ல எனக்கு ரூம் ரெடி பண்றாங்கம்மா. பாப்பா வந்ததும் மூணு மாசம் அங்கதான் இருப்பேன். நீயும் அப்பாவும் வந்து பாருங்க."

"தாய் வீடு இருக்கறப்ப மாமியார் வீட்ல எதுக்குடி?"

"எந்த வீடும்மா? நீதான் வித்துட்டியே."

குத்திக் காட்டணும்னு அவ சொல்லல. பஸ் போயிடுச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா. அதான் இன்னும் வலிச்சுது. போனை வெச்சுட்டு எங்க வீட்டுக்காரர் மேல பாஞ்சேன். "வண்டியைத் திருப்புங்க." "எங்க?" "எங்கியாவது. செவுரு இருக்கிற எடமாப் பாத்து."

மனுஷன் மறுநாள் காலையில கெளம்பி ஆறு நாள் ஓட்டினாரு. ஆறு நாளும் நான் அவரோட பேசல.

5

அடிலெய்டுல வாடகைக்கு வீடு தேடினோம். மூணு மாசத்துக்குன்னா ஒருத்தரும் குடுக்கல. வருஷக் கணக்குல எடுத்துக்கறோம்னாலும் ஏஜென்ட் ஆபீஸ்ல பாரம் நீட்டி நிரப்பச் சொல்றாங்க. இதுக்கு முன்னாடி எங்க வாடகைக்கு இருந்தீங்க, யாரு உங்களுக்குச் சாட்சி, இப்ப என்ன முகவரி? இருபத்தாறு வருஷமா நாங்க யாருக்கும் வாடகை குடுத்ததில்லன்னேன். கவுன்டர் பொண்ணு பரிதாபமாப் பாத்துட்டு, 'நிலையான முகவரி இல்லாதவர்'னு இருந்த கட்டத்தைப் பேனாவால தொட்டுக் காட்டுச்சு. டிக் போடணுமாம். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நான் இன்னா பஸ் ஸ்டாண்டுலயா படுத்துக் கெடக்கறேன்? முகவரி எழுதற எடத்துல வண்டி நம்பரை எழுதிக் குடுத்துட்டு வந்தேன். வீடு கெடைக்கல. கெடைக்குமா?

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். வீட்டை வித்ததுல இருந்து எங்க கடுதாசி எல்லாம் ரோசா வீட்டு முகவரிக்குத்தான் போவுது. பேங்க்கு, லைசென்ஸ், ஆஸ்பத்திரி, எல்லாம். நித்யா பண்ணின ஏற்பாடு. அந்தம்மா ஒவ்வொரு கடுதாசியையும் தேதி வாரியா அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருப்பா. பிரிச்சுப் பாக்க மாட்டா. பிரிச்சிருந்தா சண்டையாவது போடலாம்.

நாங்க வண்டியை நிறுத்தியிருந்த கேரவன் பார்க்குக்குப் பச்சப் புள்ளையோட வர முடியாதுன்னு நித்யா சொல்லிட்டா. அப்பதான் ரோசா என்னைத் தேடிக்கிட்டு வந்தா. அவளுக்கும் இங்கிலீஷ் பத்தாது, எனக்கும் பத்தாது. அதனால எங்களுக்குள்ள புரிஞ்சுக்கறதுல கஷ்டமே இல்ல. கையை அகல விரிச்சு, "என் வாசல் பெருசு, மல்லிகா. வண்டியை அங்க நிறுத்து. நிறுத்தலாமான்னு நான் கவுன்சில் ஆபீஸ்ல கேட்டுட்டேன், அனுமதி பாரமும் வாங்கிட்டேன். பொண்ணு பக்கத்துல நீ இரு"ன்னா.

கொஞ்சம் கெட்டவளா இருந்து தொலைச்சா இன்னா? வாய் நிறையத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். நல்லவளா வேற இருக்கறா. வர மாட்டேன்னு சொல்ல வாயெடுத்தேன். நித்யா வயித்தைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா. சரின்னேன்.

வளைகாப்பும் அவ வீட்டு ஹால்லதான் நடந்துச்சு. கண்ணாடி வளையல் நான் வாங்கியாறேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள அவளே இந்தியக் கடைக்குப் போயி, பச்சையும் செவப்புமா அளவு பாத்து வாங்கி வெச்சுட்டா. கலந்த சாதம்னா என்னன்னு போன்ல படிச்சுப் பாத்து, தன் மரத்துப் பழத்தைப் புழிஞ்சு எலுமிச்சஞ்சோறு பண்ணியிருந்தா. நான் பண்ணினதும் பக்கத்துலயே இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அவளுதுதான் நல்லா இருந்துச்சு. அவ சட்டி காலியாச்சு, என் சட்டி பாதி நின்னுச்சு.

வீடியோ கால்ல பாத்துக்கிட்டு இருந்த கலா, "சம்பந்தி தங்கமானவங்கக்கா! நீ குடுத்து வெச்சவ!"ன்னு சத்தமாச் சொன்னா. "சிக்னல் இல்லடி"ன்னு கட் பண்ணிட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு.

6

பேத்தி பொறந்து பன்னெண்டு நாள் ஆகுது. நித்யா மூக்கு, மார்க்கோ கண்ணு. ஆஸ்பத்திரியில இருந்து நேரா ரோசா வீட்டுக்குத்தான் வந்தாங்க. அங்க ரூமுல புதுத் திரை, மார்க்கோ படுத்த மரத் தொட்டில், தண்ணி குடிக்கத் தனி சொம்பு, எல்லாம் தயாரா இருந்துச்சு. எங்க வண்டிப் படிக்கும் அவ சமையக்கட்டு வாசலுக்கும் நடுவுல எட்டடி தூரம். அந்த எட்டடியை அன்னியில இருந்து நான் பத்தியச் சோறு தூக்கிக்கிட்டு நடந்துக்கிட்டு இருக்கறேன்.

பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, மிளகு ரசம். பால் சுரக்கணுமே. சுறாவுக்காக எங்க வீட்டுக்காரரு மீன் மார்க்கெட் பூராத் தேடி அலைஞ்சு வந்தாரு. நித்யா ரெண்டு வாய் சாப்பிட்டு, "போதும்மா, ரொம்ப வாசனையா இருக்கு"ன்னு தட்டை நகத்திடறா. ரோசா கோழியைக் கொதிக்க வெச்சு, அரிசி மாதிரி பொடிப்பொடியா ஏதோ மாவுருண்டை போட்டு ஒரு சூப்பு குடுக்கறா. அது மட்டும் ரெண்டு கிண்ணம் எறங்குது. புள்ள என் மடியில வீல்னு கத்துது. அவ வாங்கித் தோள்ல போட்டுத் தன் பாஷையில ஏதோ முணுமுணுத்தா, கப்சிப். அன்னிக்கு ஒரு நாள் நித்யா பாத்ரூம்ல இருந்து, "மம்மா, டவல்!"னு கூப்பிட்டா. ரோசா எழுந்து போனா. எப்பத்துல இருந்து அவளை மம்மாங்கறா? வண்டிக்குள்ள வந்து பாத்திரத்தை டமார் டமார்னு கழுவினேன்.

"இன்னா கோவம் உனக்கு? பொண்ணு நல்லாருக்கு, புள்ள நல்லாருக்கு"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"நான் நல்லால்ல."

"இன்னா வேணும் சொல்லு, செய்றேன்."

"அவ ஒரே ஒரு வேளை எங்கிட்ட வந்து படுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்"னு சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. அவரு இன்னா செய்வாரு, பாவம்.

முந்தாநேத்து மத்தியானம், புள்ளையைப் பாக்க ரோசாவோட அக்கா தங்கச்சி, அவங்க பசங்க, மருமகளுங்கன்னு ஒரு பெரிய கூட்டமே வந்துச்சு. ஹால் பூரா சிரிப்பும் காப்பியும். ஆளாளுக்குக் குழந்தையைக் கை மாத்திக் கொஞ்சினாங்க. எனக்கு நிக்க எடமில்ல. வண்டிக்குள்ள வந்து உக்காந்து குழம்புக்குப் பூண்டு உரிச்சேன். எங்க வீட்டுக்காரரு கடைக்குப் போயிருந்தாரு. குழம்பு கொதிச்சு எறக்கற நேரம், வண்டி லேசா ஆடுச்சு. யாரோ படி ஏறினா அப்படித்தான் ஆடும்.

நித்யா. நைட்டியோட, தலை கலைஞ்சு, ஒரு கையில புள்ளையை அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையால தையல் போட்ட வயித்தைத் தாங்கிக்கிட்டு நிக்கறா. அந்தப் படி உயரம் வேற.

"நகரும்மா"ன்னா.

நகந்தேன். புள்ளையை என் மடியில போட்டுட்டு, கட்டில்ல அப்படியே சாஞ்சா.

"அங்க எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்கம்மா. ரெண்டு நாளா நான் தூங்கல. கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"இன்னா கொழம்பு?"

"பூண்டு."

"எடுத்து வை. எழுந்து சாப்புடறேன்."

அடுத்த நிமிஷம் வாயைத் தெறந்துக்கிட்டுத் தூங்கிட்டா. சின்னதுலயும் இப்படித்தான் வாயைத் தெறந்துக்கிட்டுத் தூங்குவா. கட்டில் பூரா அவளே. நான் அடுப்பு மேடையில சாஞ்சு, குழந்தையை வெச்சுக்கிட்டு நின்னேன். அதுவும் கத்தல. கையில மூணு கிலோ நூறு இருந்துச்சு. பொறந்த எடைக்கு மேல ஏறியிருக்குது.

ஜன்னல் வழியாப் பாத்தேன். ரோசா சமையக்கட்டு வாசப்படி எறங்கி வந்துக்கிட்டு இருந்தா. கையில சூப்புக் கிண்ணம், மேல ஒரு தட்டு போட்டு மூடியிருந்துச்சு. எங்க வண்டிக்கு நாலடி தள்ளி நின்னுட்டா. கதவைத் தட்டல. உள்ள நித்யா காலு தெரிஞ்சிருக்கும். அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னா. கிண்ணத்தை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தினா. அவ மூஞ்சி எனக்கு அத்துப்படி. ஆறு மாசமா கண்ணாடியில நான் பாத்துக்கிட்டு இருந்த மூஞ்சி அது.

கூப்பிட்டிருக்கலாம். கேஸ் சிலிண்டர் பெட்டியைக் கொஞ்சம் தள்ளினா ஒருத்தர் உக்கார எடம் இருக்குது. தன் வீட்டு வாசலையே எனக்குக் குடுத்தவ. வான்னு ஒரு வார்த்தை போதும். பாவமாத்தான் இருந்துச்சு.

எட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். கதவுக் கொக்கியையும் போட்டேன்.